வீட்டு முற்றத்தில் செயற்கைப் புல்: ஒரு நிமிடத்தில் நான் சொன்ன பதில்



சென்ற ஆண்டு ஷவ்வால் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாயிலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஹாஜியார் ஒருவர் என்னை நிறுத்தினார். அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் என்னிடம் ஓதுகிறவர்கள். வீடு சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் சந்துகளுள் ஒன்றில் இருக்கிறது. பழைய காலத்து வீடு என்பதால் முன்புறத்தில் ஏறத்தாழ 300 சதுர அடி திறந்த இடம் உண்டு. அதில் கொரியன் புல் வளர்த்திருந்தார்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்ப்பாகிவிட்டதால் புல் திட்டுத்திட்டாகக் கருகிவிட்டது. "மகன் ஷார்ஜாவிலிருந்து செயற்கைப் புல் போட்டுவிடச் சொல்கிறான், ஹஜ்ரத். மார்க்கத்தில் இதற்குத் தடை ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

"தண்ணீர் மிச்சமாகிறதே ஹாஜியார், தாராளமாகப் போடுங்கள்" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. செருப்பு கிடைத்தது, நான் போய்விட்டேன்.

பத்து நாட்களில் புல் விரிக்கப்பட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வைகாசி வெயிலில் ஒரு பிற்பகல், ஹாஜியாரின் துணைவியார் கொடியில் காய்ந்த துணிகளை எடுப்பதற்காக வெறுங்காலுடன் அதன்மீது நடந்திருக்கிறார். நெடுநாள் சர்க்கரை நோயாளி. பாதங்களில் உணர்ச்சி குறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு நிதானமாக உள்ளே வந்துவிட்டார். மகரிபுக்கு உளூச் செய்ய மருமகள் காலில் தண்ணீர் ஊற்றியபோதுதான் இரு பாதங்களிலும் கொப்புளம் எழுந்திருந்தது தெரிந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. சர்க்கரை நோயாளிக்குப் பாதத்துப் புண் என்றால் என்ன பொருள் என்பதை நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆறு வாரம் மருத்துவமனைக்கு அலைந்தார்கள். அல்ஹம்து லில்லாஹ், புண் ஆறிவிட்டது.

ஹாஜியார் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. குறை என்னுடையது. ஹலாலா, ஹராமா என்று ஒருவர் கேட்டால், அப்பொருளின் தன்மையை அறியாமலே விடை சொல்லிவிடும் பழக்கம் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் உண்டு. நான் தண்ணீர் என்ற ஒரே தராசில் நிறுத்தினேன். அதன் பிறகு இந்தப் பொருளைக் குறித்துக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை வைத்து, அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இப்போது எழுதுகிறேன்.

முதலில் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். ஏனெனில் அந்தத் தராசு பொய்யான தராசு அன்று.

2019 ஜூன் மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நம் பெண்கள் நள்ளிரவில் லாரிக்குக் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைக் குறித்துப் பேச ஒருவருக்குக் கூச்சம் வர வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நின்ற தண்ணீர் என்பது ஒரு லிட்டர். சென்னைக் கோடையில் பசுமையாக இருக்க வேண்டிய புல்தரை நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீரைக் காற்றில் விடுகிறது என்று வைத்துக்கொண்டால், 300 சதுர அடிக்கு, அதாவது ஏறத்தாழ 28 சதுர மீட்டருக்கு, தினமும் 140 லிட்டர் வேண்டும். நகரத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வழங்க வேண்டும் என்பதே நம் நாட்டுக் குடிநீர் வழங்கலின் அளவுகோல். ஆக, ஹாஜியாரின் முற்றத்தில் இருந்த புல், வீட்டில் கூடுதலாக ஓர் ஆள் குளித்து, குடித்து, துவைத்து வாழ்வதற்கு ஒப்பாகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை கூட்டினால் பன்னிரண்டாயிரம் லிட்டரைத் தாண்டுகிறது. பெரிய லாரி ஒன்று நிறையத் தண்ணீர்.

இன்னொரு விதமாகவும் பார்த்தேன். அண்ணல் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி. முத்து என்பது ஷாஃபிஈ அளவுப்படி முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த அளவில் 140 லிட்டரைக் கொண்டு ஏறத்தாழ இருநூறு முறை உளூச் செய்யலாம். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் உளூவில் வீண் செய்யாதே என்ற கருத்தில் ஸஅது ரளியல்லாஹு அன்ஹு அவர்களுக்குச் சொல்லப்பட்டதாக இப்னு மாஜாவில் வரும் செய்தியின் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்பதை என் மாணவர்கள் அறிவார்கள். ஆனால் விரயத்தைக் கண்டிக்கும் இறைவசனங்களில் எந்தப் பலவீனமும் இல்லை. உண்பதையும் பருகுவதையும் அனுமதித்த அதே வசனம்தான் (7:31) விரயத்தைத் தடுக்கிறது.

சாந்தோமுக்கு இன்னொரு தனிச் சங்கடம் இருக்கிறது. நம் தெருக்களுக்கு அடியில் இருப்பது கடல் மணல். மழைநீர் இறங்கி அந்த மணலில் தேங்கி, உப்புநீரின்மீது மிதக்கிறது. நல்ல நீர் உப்புநீரைவிடச் சற்று எடை குறைந்தது என்பதால்தான் இந்த மிதப்பு. நிலநீர் இயலார் ஒரு கணக்குச் சொல்வார்கள்: கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே நாற்பது அடி வரை நல்ல நீர் இருக்கும். இதைத் திருப்பிப் படித்தால் அச்சம் தருகிறது. மேலே ஓர் அடியை மோட்டார் வைத்து இறைத்துவிட்டால் கீழே நாற்பது அடிக்கு உப்புநீர் ஏறி வரும். ஏறி வருவது உங்கள் கிணற்றுக்கு மட்டும் அன்று. பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும், தெருமுனையில் உள்ள குடியிருப்பின் ஆழ்குழாய்க்கும், நொச்சிக்குப்பத்துக் கைப்பம்புக்கும் சேர்த்துத்தான். அண்டை வீட்டாரின் உரிமையைக் குறித்து நாம் குத்பாக்களில் எவ்வளவோ கேட்கிறோம். சமைக்கும் குழம்பில் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டுக்குக் கொடுப்பதைப் பேசுகிறோம். அண்டை வீட்டின் தண்ணீரைப் புல்லுக்குப் பாய்ச்சுவதைப் பேசுவதில்லை.

ஆகவே ஷார்ஜாவில் இருக்கும் அந்த மகன் சொன்னதில் நியாயம் இருந்தது. பச்சைப் புல்வெளி என்பதே நம் மண்ணுக்கு உரியதன்று என்பது என் எண்ணம். ஆண்டு முழுவதும் தூறல் விழும் இங்கிலாந்தில் தானே வளர்ந்த ஒன்றை, நான்கு மாதம் மழையும் எட்டு மாதம் வெயிலுமான ஊருக்கு வெள்ளைக்காரர்கள் தங்கள் பங்களாக்களோடு கொண்டுவந்தார்கள். நம் பாட்டன்மார் வீட்டு முற்றங்களில் என்ன இருந்தது? கூட்டிப் பெருக்கிய மணல், ஒரு கிணறு, ஒரு முருங்கை, பெருநாளைக்கு அரைப்பதற்கு ஒரு மருதாணிச் செடி. கிரனடாவிலும் இஸ்பஹானிலும் ஆக்ராவிலும் முஸ்லிம்கள் அமைத்த புகழ்பெற்ற தோட்டங்களின் உயிர் நிழலிலும், கனிமரத்திலும், ஓடும் வாய்க்காலிலும் இருந்தது. கத்தரித்த புல் அவற்றுக்கு இலக்கணம் அன்று.

செயற்கைப் புல்லின் வரலாறும் கேட்கத் தகுந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-இல் கூரையிட்ட மாபெரும் விளையாட்டரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே இயற்கைப் புல். கூரைக் கண்ணாடியின் கூச்சத்தால் பந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் முறையிடவே, கண்ணாடிக்கு வண்ணம் பூசினார்கள். வெளிச்சம் போயிற்று, புல் செத்தது. மறு ஆண்டு அங்கே நெகிழிப் புல்லை விரித்தார்கள். வெயில் போன இடத்தில் அன்று விரித்த பொருள் அது என்பதை நினைவில் வையுங்கள். 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கியை அதன்மீது ஆடவைத்தார்கள். முந்தின ஆண்டுதான் புல்தரையில் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. இன்று எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கிலும் செயற்கைத் தரைதான். 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கி அங்கே நடந்தபோது என் மாணவர்களை அழைத்துச் சென்றேன். ஆட்டம் தொடங்குமுன் தரைக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்ததைப் பார்த்து ஒரு சிறுவன், "ஹஜ்ரத், பிளாஸ்டிக்குக்கு ஏன் தண்ணீர்?" என்று கேட்டான். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பந்து வழுக்கி ஓடவும், விழுகிறவர்களின் தோல் உரியாமல் இருக்கவும் அத்தரைக்கு ஈரம் வேண்டுமாம். தண்ணீரே கேட்காத புல் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு அந்தப் பையனின் கேள்விதான் நினைவுக்கு வருகிறது.

வீட்டுச் செயற்கைப் புல்லுக்கு ஹாக்கித் தரையைப் போல ஈரம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் வேறொரு காரணத்துக்காகத் தண்ணீர் கேட்கும். அதுதான் வெப்பம்.

உயிருள்ள புல் தன் வேரால் உறிஞ்சிய நீரை இலையின் வழியே ஆவியாக விடுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். அதனால் உச்சி வெயிலிலும் புல்லின் மேற்பரப்பு நம் கை தாங்கும் சூட்டில் இருக்கிறது. நெகிழிக்கு வியர்க்கத் தெரியாது. வாங்கிய வெப்பத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தங்கள் மைதானத்தில் இதை அளந்தார்கள். செயற்கைத் தரையின் மேற்பரப்பு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பக்கத்திலிருந்த இயற்கைப் புல் 30 டிகிரியை ஒட்டியே இருந்தது. தண்ணீர் தெளித்துக் குளிரவைத்தபோது சில நிமிடங்களிலேயே சூடு மறுபடி ஏறியது. 60 டிகிரிச் சூட்டுப் பொருளைத் தொட்டுக்கொண்டிருந்தால் தோல் வெந்துவிடும். நல்ல உணர்ச்சியுள்ளவன் "ஸ்ஸ்" என்று காலை எடுத்துவிடுவான். எடுக்கத் தெரியாதவர்கள் நம் வீடுகளில் இரண்டு வகையினர்: தவழும் குழந்தைகள், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன முதியவர்கள். இந்த வயதில் நம் பெரியவர்களுள் சர்க்கரை இல்லாதவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டு பதில் சொன்னபோது இவற்றுள் ஒன்றுகூட என் மனத்தில் இல்லை. தனக்கோ பிறருக்கோ தீங்கு இழைக்கலாகாது என்பதை ஃபிக்ஹின் அடிப்படை விதியாக ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான்.

இனி, மார்க்கச் சட்டத்தின் பக்கம் வருகிறேன். அன்று கேட்கப்பட்டதும் இதுதானே.

செயற்கைப் புல்லை விரிப்பது ஆகுமானது. அதன்மீது தொழுவதும் கூடும். அது தூய்மையான ஒரு விரிப்பு, அவ்வளவுதான். எனினும் அதைத் தரை என்று எண்ணிவிடக் கூடாது. அதில் தயம்மும் செய்ய முடியாது. ஷாஃபிஈ மத்ஹபில் தயம்முமுக்குப் புழுதியுள்ள மண் வேண்டும். ஹனஃபி மத்ஹபில் மண்ணின் இனத்தைச் சேர்ந்த பொருள் வேண்டும். நெகிழி இரண்டிலும் அடங்காது.

இதைவிட அன்றாடம் எதிர்ப்படுவது தூய்மை. சாந்தோமில் பூனை இல்லாத முற்றம் உண்டா? மீன் விற்கும் லூப் சாலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பூனையை யார் தடுக்க முடியும்? பூனை அசுத்தப்படுத்தியது மண்தரையாக இருந்தால், ஹனஃபி மத்ஹபின்படி அது காய்ந்து நிறமும் வாடையும் மறைந்துவிட்டால் அந்த இடத்தில் தொழலாம். மண்ணில் வேரூன்றி நிற்கும் புல்லும் மரமும் மண்ணைச் சார்ந்தவை என்பதால் அவற்றுக்கும் அதே சட்டத்தை நம் அறிஞர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் காய்வது போதாது, தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆனாலும் எளிதுதான். பள்ளிவாசலில் சிறுநீர் கழித்துவிட்ட கிராமத்து மனிதரைத் தோழர்கள் அதட்ட எழுந்தபோது, அவரை விட்டுவிடுங்கள் என்று தடுத்து, அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள் நபியவர்கள். மண் அதைக் குடித்துத் தூய்மையாகிவிட்டது. செயற்கைப் புல்லுக்கு விரிப்பின் சட்டம். வெயிலில் காய்ந்ததால் மட்டும் எந்த மத்ஹபிலும் அது தூய்மையாகாது. அலசியே ஆக வேண்டும். நடைமுறையில் இழைகளுக்கு இடையே தூவிய மணலிலும் அடியிலுள்ள ரப்பர் பூச்சிலும் அது இறங்கித் தங்கிவிடுகிறது. வெயில் ஏறும்போது வாடை எழும்புகிறது. ஹாஜியாரின் மருமகள் வாரத்துக்கு இரண்டு முறை குழாயைப் பிடித்து அலசிக்கொண்டிருந்தார். மிச்சமாகும் என்று நான் சொன்ன தண்ணீரில் ஒரு பங்கு அங்கே போயிற்று. கடற்காற்று கொண்டுவந்து அப்பும் உப்புப் பிசுக்கையும் தூசியையும் கழுவுவது தனி.

மண்ணை மூடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் புல்லின் அடியில் வடிவதற்குத் துளைகள் இருக்கின்றன என்று விற்பவர்கள் காட்டுகிறார்கள். துளை இருக்கிறது. ஆனால் விரிப்பு மேடுபள்ளமில்லாமல் நிற்க வேண்டும் என்பதற்காகப் பல வீடுகளில் முதலில் சிமெண்டுத் தளம் போட்டுவிடுகிறார்கள். துளை வழியே இறங்கிய மழை சிமெண்டில் வழுக்கித் தெருவுக்கு ஓடுகிறது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாம் குழி தோண்டி, குழாய் பதித்துக் காட்டினோம். நம் மணல் முற்றம் குழாயே இல்லாத சேகரிப்புக் குழி என்பதை மறந்துவிட்டோம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பாதி இறங்கினால்கூட அந்த 300 சதுர அடி முற்றம் ஓர் ஆண்டில் ஏறத்தாழ இருபதாயிரம் லிட்டரைப் பூமிக்குத் திருப்பிக் கொடுக்கும். மேலே சொன்ன நாற்பது அடிக் கணக்கை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். செயற்கைப் புல் தண்ணீரைக் குடிப்பதில்லை. ஆனால் அதன் அடியில் சிமெண்டு இருந்தால் பூமியையும் குடிக்க விடுவதில்லை.

எட்டு, பத்து ஆண்டு உழைக்கும் என்கிறார்கள். நம் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் அதற்குள்ளேயே இழை நொறுங்கத் தொடங்கும். நொறுங்கிய தூள் மழையோடு வடிகாலுக்குப் போகும், நம் வடிகாலிலிருந்து கடலுக்கு எத்தனை அடி? செயற்கை மைதானங்களில் தூவப்படும் ரப்பர்த் துகள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் இயற்றிப் படிப்படியாக விலக்கத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டில் கலிபோர்னியா, வீடுகளில் செயற்கைப் புல்லைத் தடைசெய்யும் அதிகாரத்தைத் தன் நகரங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. அதுவும் வறட்சிக்குப் பெயர்போன மாநிலம்தான். இழையும் அடித்தளமும் வெவ்வேறு நெகிழிகளாகப் பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். கடைசியில் பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ போகும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேடு நாள்கணக்கில் எரிந்த புகையை அடையாறு வரை முகர்ந்தோம்.

இங்கே ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். புல் என்றால் அற்பம் என்று நாம் எண்ணுகிறோம், பேச்சிலும் 'புல்லுக்குச் சமம்' என்கிறோம். மக்கா வெற்றியின்போது, அதன் புனித எல்லைக்குள் வளரும் பசும்புல்லை வெட்டலாகாது என்று நபியவர்கள் அறிவித்தார்கள். அப்பாஸ் ரளியல்லாஹு அன்ஹு எழுந்து, இத்கிர் என்ற மணமுள்ள புல்லுக்கு மட்டும் விலக்குக் கேட்டார்கள். கொல்லர்களுக்கும் வீடுகளுக்கும் அது தேவைப்பட்டது. அந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. மனித உயிருக்கும் வேட்டைப் பிராணிக்கும் பாதுகாப்பு அறிவிக்கப்பட்ட அதே பேருரையில் புல்லுக்கும் பாதுகாப்பு அறிவிக்கப்பட்டது. அர்ரஹ்மான் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தில் மரத்தோடு சேர்த்து ஸஜ்தாச் செய்வதாகச் சொல்லப்படும் 'நஜ்மு' என்ற சொல்லுக்கு நட்சத்திரம் என்று பொருள் கொண்டவர்கள் உண்டு. தண்டில்லாமல் தரையோடு படரும் செடி என்று பொருள் கொண்டவர்களும் உண்டு. இமாம் தபரீ அவர்கள் இரண்டாவது பொருளையே தேர்ந்தார்கள். அப்படியானால் நம் காலடியில் கிடக்கும் அருகம்புல் ஸஜ்தாவில் இருக்கிறது. நெகிழியை விரிப்பது பாவம் என்று இதைக் கொண்டு நான் வாதிட வரவில்லை. பல்கீஸ் அம்மையார் நீரென்று நினைத்து ஆடையை உயர்த்திய கண்ணாடித் தளத்தைக் கட்டியவர் ஒரு நபிதானே, தோற்றத்தில் ஒன்றைப் போல் இன்னொன்றைச் செய்வதில் என்ன குற்றம் என்று ஒரு மாணவன் என்னிடம் வாதாடினான். குற்றமில்லைதான். ஆனால் எங்கே மண் இருக்கிறதோ அங்கே அதை மூடிவிட்டு அதன் படத்தை விரிப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? அடுக்குமாடி வீட்டின் மாடத்திலோ மொட்டைமாடியிலோ, ஏற்கெனவே சிமெண்டாக இருக்கும் இடத்தில், நிழல் இருந்தால், பிள்ளைகள் விளையாடச் சிறு துண்டு போட்டுக்கொள்ளுங்கள். மூட மண் இல்லை, யாருடைய கிணற்றுக்கும் கேடில்லை. நண்பகலில் குழந்தையை விடுமுன் உங்கள் உள்ளங்கையை அதன்மீது வைத்துப் பத்து எண்ணுங்கள். எண்ண முடியாவிட்டால் விடாதீர்கள்.

மண் இருக்கும் முற்றத்துக்கு நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு: கழிவுநீரில் எவ்வளவு புல் வளரும்? குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்கிறவர் எத்தனை லிட்டர் செலவழிக்கிறார் என்பதை எங்கள் மதரஸாவில் அடியில் வாளி வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவது வழக்கம். பெரியவர்களுக்குக் காட்டினால் கோபித்துக்கொள்வார்கள். உளூச் செய்து வடிந்த நீர் தூய்மையானது, மீண்டும் உளூச் செய்யத்தான் உதவாது. செடிக்குப் பாய்ச்சத் தடையே இல்லை. ஐந்து பேர் தொழும் வீட்டில் ஐந்து வேளைக்கும் சேர்ந்து வடியும் நீரை ஒரு குழாய் வைத்து முற்றத்துக்குத் திருப்பினால், சிக்கனமாக உளூச் செய்தாலும் நாளுக்கு முப்பது, நாற்பது லிட்டர் கிடைக்கும். அரிசி, காய்கறி கழுவிய நீர் தனி. அது எழுபது, எண்பது சதுர அடிப் புல்லுக்குப் போதும். அந்த அளவே உங்கள் புல்வெளியின் அளவாக இருக்கட்டும். மீதி மணல்.

அந்த எழுபது அடிக்கும் கொரியன் புல் வேண்டாம். நம் அருகம்புல் போதும். ஓரளவு உப்பையும் தாங்கும். தண்ணீர் இல்லாவிட்டால் பழுத்துப்போய்ச் செத்ததுபோல் கிடக்கும். ஒரு மழை விழுந்தால் துளிர்த்துவிடும். கோடையில் அது பழுப்பாக இருப்பதை வீட்டின் மானக்கேடாக நினைக்காமலிருந்தால் சரி. புல்லை வெளியாக்கிப் பின் கருகிய சருகாக்குகிறவனும் தானே என்று இறைவன் கூறுவதை (87:4, 5) ஜும்ஆத் தொழுகைகளில் அடிக்கடி கேட்டுக்கொண்டேதான் நிற்கிறோம். நடமாட்டம் குறைந்த ஓரத்துக்குப் பொடுதலை நன்றாகப் படரும். வெட்ட வேண்டியதில்லை. சிறு பூக்களுக்குத் தேனீயும் பட்டாம்பூச்சியும் வரும். ஒருவர் நட்டதிலிருந்து பறவையோ மனிதனோ விலங்கோ தின்றால் அது அவருக்கு ஸதகா என்று நபிமொழி இருக்க, தேனீக்கு எதுவும் கொடுக்காத ஒன்றுக்குச் சதுர அடிக்கு நூறு ரூபாய் கொடுப்பானேன்?

ஹாஜியார் வீட்டில் இப்போதைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு மனக்குறைதான். போட்ட பணம் போயிற்றே என்று தொலைபேசியில் என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னதாகக் கேள்வி. நியாயம்தான். விரிப்பைச் சுருட்டி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாதியைப் போட்டிருக்கிறார்கள். மீதிப் பாதி மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. அடியில் போட்ட சிமெண்டுத் தளத்தை உடைக்க ஆள் கூலி, விரித்த கூலியைவிட அதிகமாயிற்று. பேரப்பிள்ளைகள் இருவரும் ஐப்பசி மழையில் அருகம்புல் கட்டைகளை நட்டார்கள். உளூத் தண்ணீர்க் குழாய் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. இன்னும் மூன்றில் ஒரு பங்கு வெறும் மணலாகத்தான் இருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு அழகாக இராது.

போன வாரம் அஸருக்குப் பின் போயிருந்தேன். அந்த அம்மையார் செருப்பு அணிந்து, மருதாணிச் செடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். வேலி ஓரத்துப் பூனை வழக்கம்போல் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது. "ஹஜ்ரத், இதற்கு என்ன சட்டம்?" என்று கேட்டுச் சிரித்தார். இந்த முறை, "எந்த மத்ஹபின்படி கேட்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னேன்.